கேள்வி–பதில்: சாமி இருக்கு, பூசாரி இருக்கார், ஆட்டத்தில் மட்டும் காணோம்

டேபிள்டாப் ரோல்பிளே (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை ஆடும்) விளையாட்டுகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் சாமி சமாச்சாரமே அதிகம். கற்பனை உலகத்தைக் கட்டி, அதற்குத் தெய்வங்களைப் படைத்து, ஆட்டம் தொடங்கியதும் அவையெல்லாம் வெறும் பெயர்களாகக் கிடப்பதைப் பார்த்து நொந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறோம்.

என் கேம்பெயினுக்கு (பல அமர்வுகள் தொடரும் ஆட்டக் கதைக்கு) 38 தெய்வங்களை எழுதி வைத்திருக்கிறேன். நாலு செஷன் முடிந்தும் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு பெயர்கூட நினைவில்லை. எத்தனை இருந்தால் போதும்?
— வாசகர், திருச்சி

ஆறு. ஏழெட்டு வரை போகலாம். அதற்கு மேல் எழுதுவது உங்கள் சந்தோஷத்துக்கு. மேசைக்குத் தேவையில்லை.

அச்சில் வந்த உலகங்களைப் பார்த்துத்தான் பலரும் இந்த வலையில் விழுகிறார்கள். 1975-இல் வந்த டெகுமேலில் 20 தெய்வங்கள்: பத்துப் பெருந்தெய்வம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத் தெய்வம். டிராகன்லான்ஸில் 21, நன்மை, நடுநிலை, தீமை என்று பிரிவுக்கு ஏழு. பாத்ஃபைண்டர் விளையாட்டின் உலகமான கோலாரியனில் முதன்மைத் தெய்வங்களே 20. இவையெல்லாம் எங்கெங்கோ இருக்கிற எண்ணற்ற மேசைகளுக்காக எழுதப்பட்டவை. ஒவ்வொரு குழுவும் தனக்கு வேண்டிய நாலைந்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நீங்கள் எழுதுவது ஒரே ஒரு மேசைக்கு.

அந்த ஆறை எப்படிப் பொறுக்குவது? முதலில் ஆட்டக்காரர்களின் கேரக்டர் ஷீட்டைப் பாருங்கள். கிளெரிக்கோ (சாமியிடம் மந்திரம் பெறும் பூசாரி) பாலடினோ (சத்தியம் செய்த புனித வீரன்) இருந்தால் அவர்களுடைய தெய்வம் ஒன்று. அதோடு முட்டிக்கொள்ளும் தெய்வம் ஒன்று. இது கெட்ட சாமியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் போதும். ஆட்டம் தொடங்கும் ஊரின் காவல் தெய்வம் ஒன்று. செத்தவர்களைக் கூட்டிப் போகிறவர் ஒருவர். வில்லன் கும்பிடுகிற, அல்லது கும்பிடுவதாக நடிக்கிற சாமி ஒன்று. கடைசியாகச் சத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் ஒன்று வேண்டும். ஆட்டக்காரர்கள் எந்த உலகத்தில் இருந்தாலும் பேரம் பேசுவார்கள், வாக்குக் கொடுப்பார்கள், அதை மீறுவார்கள். அப்போதெல்லாம் யார் மேல் ஆணையிடுவது என்று கேட்க ஒரு பெயர் கையில் இருக்க வேண்டும்.

மிச்சமுள்ள 32-ஐக் கிழித்துப் போட வேண்டாம். அவற்றின் பெயர்களை இந்த ஆறின் வட்டாரப் பெயர்களாக்கிவிடுங்கள். மலைநாட்டில் ஒரு பெயர், துறைமுகத்தில் இன்னொரு பெயர், சாமி ஒன்றே. அவற்றின் பொறுப்புகளையும் இந்த ஆறின் மேல் ஏற்றலாம். ஏற்றும்போது ஒத்துப்போகாத இரண்டை ஒன்றாகக் கட்டுங்கள். கடலுக்கும் மீனுக்கும் கப்பலுக்கும் ஒரே சாமி என்றால் அதில் விளையாட ஒன்றுமில்லை. ரூன்குவெஸ்ட் விளையாட்டின் ஹூமக்த்தைப் பாருங்கள்: மரணத்துக்கும் வாய்மைக்கும் ஒரே கடவுள். வாளேந்தியவன், ஆனால் பொய் சொல்லக் கூடாது. அவன் அடியார் செத்தால் உயிர்ப்பிக்கவும் விடமாட்டார்கள். இரண்டே பொறுப்பில் ஒரு முழு ஆள் எழுந்து நிற்கிறான்.

ஒவ்வொரு தெய்வத்துக்கும் பிறப்பு, வம்சம், போர்கள் என்று இரண்டு பக்கம் எழுதுகிறேன். யாரும் படிப்பதில்லை. என்ன எழுதினால் ஆட்டத்தில் பயன்படும்?
— வாசகி, கோவை

பிறப்புக் கதை ஒரு பகடையைக்கூட அசைக்காது. அடியாரிடம் சாமி என்ன கேட்கிறது, எதை விலக்குகிறது, பதிலுக்கு என்ன தருகிறது: இந்த மூன்றும்தான் ஆட்டத்தில் நடமாடும் தெய்வம். இவை எழுதி முடிந்த பிறகு ஆசையிருந்தால் புராணம் எழுதுங்கள்.

அரைப் பக்க அட்டை போதும். ஒரு மாதிரி தருகிறோம். பெயர் ஈரக்கையாள், படகுத்துறைக்கும் கடனுக்கும் உரியவள்.

கேட்பது: மாதம் ஒரு கடனையாவது தீர்த்துவைக்க வேண்டும். சொந்தக் கடனோ அடுத்தவர் கடனோ, எதுவானாலும் சரி.
விலக்கு: கூலி கொடுத்தவரை, அவர் யாராக இருந்தாலும், கரையில் விட்டுப் போகக் கூடாது. கடன் பாக்கி உள்ளவனைக் கொல்லக் கூடாது.
தருவது: கால் தண்ணீரில் நனைந்திருக்கும்போது, நாளுக்கு ஒருமுறை, எதிரில் நிற்பவன் யாருக்காவது கடன்பட்டிருக்கிறானா என்று ஜி.எம்.மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) கேட்கலாம். ஆம் அல்லது இல்லை என்று உண்மையான பதில் வரும்.
அடையாளம்: வலது மணிக்கட்டில் கட்டிய ஈரத்துணி.
திருநாள்: வெள்ளம் வடிந்து முதல் படகு விடும் நாள்.
உட்பூசல்: தகப்பன் பட்ட கடன் பிள்ளைக்கு வருமா? துறைப் பூசாரிகள் வராது என்கிறார்கள். நகரத்துப் பெரிய கோயில் வரும் என்கிறது.

இதை மேசையில் போட்டுப் பாருங்கள். வில்லன் 40 பொன் கடன் வைத்திருக்கிறான். அவனைக் கொல்ல வேண்டுமென்றால் இவளுடைய கிளெரிக் முதலில் அந்தக் கடனை அடைத்தாக வேண்டும். கடன் கொடுத்தவரைத் தேடிப் போக வேண்டும், அவர் வட்டி கேட்பார், வில்லனுக்குச் செய்தி போய்விடும். ஒரு செஷன் தன்னாலேயே ஓடிவிடும்.

அட்டையில் கஷ்டமான வரி விலக்குதான். அங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "தீமை செய்யாதே" போல அகலமாக எழுதினால் எது தீமை என்று மேசையில் பட்டிமன்றம் நடக்கும். "ஆட்டுக்கறி உண்ணாதே" என்று எழுதிவிட்டு ஆட்டை ஒரு தடவைகூடக் கண்ணில் காட்டாவிட்டால் அது செத்த வரி. நிலவறைகளில் நடக்கும் ஆட்டத்தில் "மண்ணுக்கடியில் இறங்காதே" என்றால் அந்த ஆட்டக்காரர் வாசலில் உட்கார வேண்டியதுதான். எல்லாவற்றிலும் மோசமானது அடுத்தவரைக் கட்டுப்படுத்தும் விலக்கு. "உன்னோடு வருபவர்களைப் பொய் சொல்ல விடாதே" என்று எழுதினால் கிளெரிக்குக்கும் திருடனுக்கும் நடக்கும் சண்டை ஆட்டத்துக்கு வெளியே, இரண்டு நண்பர்களின் சண்டையாக முடியும். விலக்கு எப்போதும் அடியாரின் சொந்தக் கையையே கட்ட வேண்டும்.

மூன்று செஷனுக்குள் ஒருமுறையாவது அந்த விலக்கு குறுக்கே வருமா? வந்தால், மீறாமலே காரியத்தை முடிக்க, ஏதோ ஒரு விலை கொடுத்து, குறைந்தது இரண்டு வழி இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வரி தேறிவிட்டது. 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு தெய்வத்துக்கும் கட்டளைகள், விலக்குகள் என்று இரண்டு தனி வரிகளை விதியாகவே வைத்திருக்கிறது. வேறு விளையாட்டு ஆடுகிறவர்களும் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உட்பூசல் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே சாமியின் இரண்டு பூசாரிகள் அடித்துக்கொள்ளும்போதுதான் மதம் உயிரோடு இருப்பதாக ஆட்டக்காரர்கள் நம்புகிறார்கள்.

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். எங்கள் கிளெரிக் 'லைஃப்' டொமைன். சாமி பெயர் ஷீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். விதிகளோடு தெய்வத்தை எப்படிக் கட்டுவது?
— வாசகர், டொரான்டோ

2014 விதிப்புத்தகத்தில் டொமைன், அதாவது கிளெரிக்கின் சக்தி எந்தத் துறை சார்ந்தது என்பது, ஏழு: அறிவு, உயிர் (லைஃப்), ஒளி, இயற்கை, புயல், தந்திரம், போர். முதல் லெவலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 பதிப்பில் அது மூன்றாம் லெவலுக்குத் தள்ளிப்போனது. அடிப்படைப் புத்தகத்தில் உயிர், ஒளி, தந்திரம், போர் என்று நான்குதான். இந்தத் தள்ளிவைப்பை ஜி.எம்.கள் நல்ல வாய்ப்பாகப் பயன்படுத்தலாம்: முதல் இரண்டு லெவல் வெறும் அடியார், மூன்றாவதில் கோயிலின் எந்தப் பிரிவில் சேருவது என்ற முடிவு. அந்தச் சேர்க்கையை ஒரு காட்சியாகவே ஆடிவிடலாம்.

ஒரு தெய்வத்துக்கு ஒரே டொமைன் என்று பூட்டி வைக்காதீர்கள். இரண்டு கொடுங்கள், ஒவ்வொன்றையும் ஒரு பிரிவின் கையில் கொடுங்கள். மேலே சொன்ன ஈரக்கையாளுக்குத் துறைப் பூசாரிகள் உயிர் டொமைன், நகரத்துக் கோயில்காரர்கள் தந்திர டொமைன். உட்பூசல் இப்போது மந்திரப் பட்டியலிலும் தெரியும்.

அடுத்தது, பத்தாம் லெவலில் வரும் 'டிவைன் இன்டர்வென்ஷன்', அதாவது சாமியை நேரடியாக அழைப்பது. 2014 விதிப்படி நூறு பக்கப் பகடையில் தன் கிளெரிக் லெவலோ அதற்குக் குறைவோ விழ வேண்டும். பத்தாம் லெவலில் நாளுக்குப் பத்து சதவீதம். ஒரு வாரம் தினமும் அழைத்தால் ஒருமுறையாவது கிடைக்கும் வாய்ப்பு 52 சதவீதம். கிடைத்துவிட்டால் 7 நாள் மறுபடி அழைக்க முடியாது. 20-ஆம் லெவலில் பகடையே வேண்டாம். சாமி என்ன செய்யும் என்பது ஜி.எம். கையில். பிரச்சினை இங்கேதான் வருகிறது. அபூர்வமாகப் பகடை விழுந்த நொடியில் ஜி.எம். திகைத்து, "எல்லாருக்கும் காயம் ஆறிவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுகிறார். ஒவ்வொரு தெய்வத்தின் அட்டைக்குப் பின்புறமும் மூன்று குறுக்கீடுகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஈரக்கையாள் வந்தால் நீர் புகும். எதிரிகளில் ஒருவன் தான் யாருக்குக் கடன்பட்டவன் என்பதை நினைத்து ஆயுதத்தைக் கீழே போடுவான். இல்லையென்றால் ஆளில்லாத ஒரு படகு வந்து நிற்கும். காயம் ஆற்றுவதை எந்தச் சாமியும் செய்யும். படகை இவள்தான் அனுப்புவாள்.

2024 பதிப்பில் இந்தச் சூதாட்டம் போய்விட்டது. ஐந்தாம் நிலை வரையுள்ள கிளெரிக் மந்திரம் ஒன்றைச் செலவில்லாமல் போடலாம் என்று மாற்றிவிட்டார்கள். விதியாக நேர்த்தியானது, சாமியாகக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. பழையதை வைத்துக்கொள்ள விரும்பும் குழுக்களைக் குறை சொல்ல மாட்டோம்.

தெய்வங்களுக்கு ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப்புள்ளி) கொடுக்கலாமா?
— வாசகர், மதுரை

1976-லேயே டி அண்ட் டியின் ஒரு துணைநூல் கொடுத்தது. 1980-இல் வந்த பெரிய தொகுப்பிலும் அதே வழக்கம். நார்ஸ் கடவுள் ஓடினுக்கும் கிரேக்கக் கடவுள் ஜீயஸுக்கும் ஆளுக்கு 400. எண் ஒன்று கண்ணில் பட்டதும் அதைப் பூஜ்யமாக்க என்ன வழி என்றுதான் ஆட்டக்காரர் மூளை வேலை செய்யும். உங்கள் கேம்பெயினே தேவவதம் பற்றியது என்றால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் பூமிக்கு வரும் அவதாரத்துக்கு மட்டும் எண் போடுங்கள். அவதாரம் விழுந்தால் சாமிக்கு ஒரு பருவம் குரல் அடைக்கும், அவ்வளவுதான். ஒரு தெய்வத்தை உண்மையில் ஒழிக்க வேண்டுமானால் கோயிலை, திருநாளை, பெயரைச் சொல்லும் வாய்களை ஒழிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரே சண்டையில் முடிகிற காரியம் மாதக்கணக்கில் ஓடும்.

நம் ஊர்த் தெய்வங்களையே ஆட்டத்தில் வைத்தால் என்ன? அய்யனார், கருப்பசாமி, மாரியம்மன் எல்லாரும் கிரேக்கக் கடவுள்களைவிட எங்களுக்கு நெருக்கமானவர்கள் அல்லவா?
— வாசகர்கள், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம்

நெருக்கம்தான் சிக்கலே. மேலே சொன்ன 1980 தொகுப்பில் இந்திரன், அக்னி, காளி, யமன் எல்லாரும் இருந்தார்கள். பூதத்துக்கும் பேய்க்கும் போடும் அதே கவச எண், அதே ஹிட் பாயிண்ட் வரிசையில். ஜீயஸுக்கு அப்படிப் போட்டால் வருத்தப்படுவோர் சொற்பம். மாரியம்மனுக்கு நேற்று கூழ் ஊற்றியவர் உங்கள் மேசையிலேயே இருக்கலாம். அவர் வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த வாரம் வராமல் போய்விடுவார்.

பெயரை விட்டுவிட்டு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வழிபாட்டில் ஆட்டத்துக்கு வேண்டிய சரக்கு ஏராளம். வெளிநாட்டு விதிநூல்களில் எளிதில் கிடைக்காத சரக்கும்கூட.

எல்லையைக் காக்கும் தெய்வம் என்ற ஒன்றே போதும். அதன் அதிகாரம் ஊர் எல்லைக் கல்லோடு முடிகிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் பூசாரியின் மந்திரம் முழுப் பலத்தில், அந்தப் பக்கம் பாதிப் பலத்தில் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். அப்புறம் கல்லை நகர்த்த நினைக்கும் எவனும் வில்லன்தான். குலதெய்வம் இன்னொன்று: சாமி ஊரோடு இல்லை, வம்சத்தோடு வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எங்கிருந்தாலும் அந்தப் பழைய இடத்துக்குப் போய்வர வேண்டும். கண்காணாத நாட்டில் சாகசம் செய்துகொண்டிருக்கும் கேரக்டருக்கு அந்த நாள் நெருங்கினால் என்ன செய்வார்?

பல அய்யனார் கோயில்களில் அய்யனாருக்குச் சைவப் படையல்தான். அதே வளாகத்தில் இருக்கும் கருப்பருக்குக் கிடா வெட்டும்போது அய்யனார் முன்னே திரை போட்டுவிடுவார்கள். ஒரே கோயிலுக்குள் இரண்டு சாமி, இரண்டு ஒழுக்கம், நடுவே ஒரு துணி. அந்தத் திரையை யாராவது அறுத்துவிட்டால் என்ற கேள்வியில் ஒரு முழுச் சாகசம் இருக்கிறது. பெயர்களை மட்டும் உங்கள் உலகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னும் பழைய அமைப்பு வேண்டுமா? தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்துக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஹெக்ஸ் வரைபடத்தில் ஆடுகிறவர்களுக்கு இது தைத்துப் போட்ட சட்டை: எந்த அறுகோணத்தில் நிற்கிறோமோ அந்தச் சாமிதான் கேட்கும். அந்தச் சூத்திரத்தில் பாலைக்குத் தெய்வம் சொல்லப்படவில்லை. கொற்றவையைப் பிற்கால மரபு சேர்த்துக்கொண்டது. உங்கள் வரைபடத்திலும் ஒரு நிலத்தைச் சாமியில்லாமல் விடுங்கள். கிளெரிக்கின் மந்திரம் அங்கே எப்படி வேலை செய்யும், அங்கே யார் போய்க் குடியேறியிருப்பார்கள் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டால் போதும்.

சாமிகள் உண்மையிலேயே இருந்து, பூசாரிகளுக்குச் சக்தியும் இருந்தால், அந்த உலகத்தில் நோயும் பட்டினியும் ஏன்? ஆட்டக்காரர்கள் கேட்டால் விழிக்கிறேன்.
— வாசகி, சென்னை

இதற்கு இரண்டு தனிப் பதில்கள் வேண்டும். சாமி ஏன் தலையிடவில்லை என்பது ஒன்று, பூசாரியால் ஏன் முடியவில்லை என்பது மற்றொன்று.

முதலாவதற்குப் புகழ்பெற்ற உலகங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழி கண்டிருக்கின்றன. ரூன்குவெஸ்ட் நடக்கும் குளோராந்தாவில் தெய்வங்கள் தங்களுக்குள் பேரழிவு வரை சண்டையிட்டு, பிறகு ஓர் உடன்பாட்டில் கட்டுண்டு கிடக்கின்றன. காலத்துக்குள் தாங்களே இறங்கிச் செயல்பட முடியாது, அடியார் வழியாகத்தான் முடியும். எபெரானில் சாமி இருக்கிறதா என்பதற்கே நிரூபணம் கிடையாது. மந்திரம் நம்பிக்கையால் வருகிறது, அதனால் கோயில் தலைவர் அயோக்கியனாக இருந்தாலும் மந்திரம் வேலை செய்யும். டிராகன்லான்ஸில் தெய்வங்கள் பேரழிவுக்குப் பின் சில நூற்றாண்டுகள் மௌனம். கோலாரியனில் மனிதர்களின் காவல் தெய்வம் திரும்பி வருவதாகச் சொன்ன நேரத்தில் செத்தே போனது. ஏதாவது ஒரு வழியைப் பிடித்து, இரண்டே வரியில் எழுதி, அதை மீறாமல் ஆடுங்கள். துப்பறியும் கதை ஆடுகிற குழுவுக்கு எபெரான் வழி நன்றாகப் பொருந்தும். கோயில் ஊழலைக் கதையாக்க வேறு எந்த அமைப்பும் அவ்வளவு இடம் தராது.

இரண்டாவதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். டி அண்ட் டியின் 2014 விதிப்படி நோயைப் போக்கும் 'லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன்' இரண்டாம் நிலை மந்திரம். மூன்றாம் லெவல் கிளெரிக்குக்கு அந்த நிலையில் நாளுக்கு இரண்டு முறைதான். ஊரில் 300 பேர் படுத்திருந்தால் ஒரே கிளெரிக் 150 நாள் ஓயாமல் உழைக்க வேண்டும்; அதற்குள் கொள்ளைநோய் தன் வேலையை முடித்திருக்கும். அந்த இரண்டு முறையும் யாருக்கு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கோயில் வாசலில் வரிசை நிற்கும், சிபாரிசுக் கடிதம் வரும், ஜமீன்தார் வீட்டுப் பல்லக்கு வரிசையைத் தாண்டிப் போகும். கதைக்கு வேறென்ன வேண்டும்?

செத்தவரை எழுப்புவதும் அப்படியே. செத்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் 300 பொன் பெறும் வைரம், பத்து நாளுக்குள் 500, நூறாண்டுக்குள் 1,000, உடலே இல்லாவிட்டால் 25,000. வைரம் கரைந்துபோகும். ஆகவே வைரச் சுரங்கம் எந்தச் சாமியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலிலேயே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். அந்தக் கோயில்தான் உங்கள் உலகத்தின் வல்லரசு. விதிநூலை ஒழுங்காகப் படித்தால் இது தன்னாலேயே வருகிறது. ஆனாலும் பெரும்பாலான ஜி.எம்.கள் வைரத்தைச் சந்தையில் சாதாரணமாக விற்றுவிடுகிறார்கள். அதோடு மரணத்துக்கு இருந்த மதிப்பும் போய்விடுகிறது.

எங்கள் பாலடின் சத்தியத்தை மீறிவிட்டான். சக்தி முழுவதையும் பிடுங்கினேன். அவனை ஆடியவர் கோபித்துக்கொண்டார். விதிப்படி சரிதானே?
— வாசகர், சிங்கப்பூர்

1978-இன் அட்வான்ஸ்டு டி அண்ட் டியில் அதுதான் விதி. தெரிந்தே தீய காரியம் செய்த பாலடின் அந்தத் தகுதியை நிரந்தரமாக இழந்து வெறும் போர்வீரனாகிவிடுவான். அந்தக் காலத்து ஆட்டத்தில் ஒரு கேரக்டர் போனால் இன்னொன்றைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். இன்று ஓர் ஆண்டு வளர்த்த கேரக்டரிடம் எல்லாவற்றையும் ஒரே இரவில் பிடுங்கினால் தண்டனை விழுவது மனிதர் மேல். சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பவர் அவர்தானே.

படிப்படியாகப் போங்கள். மீறுவதற்கு முன்பே, "இது விலக்கு என்று உன் கேரக்டருக்குத் தெரியும், செய்யப்போகிறாயா?" என்று ஒரு தடவை வெளிப்படையாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சண்டை தீரும். விலக்கைப் பற்றி இருவர் மனத்திலும் வெவ்வேறு அர்த்தம் இருந்தது அப்போதுதான் தெரியவரும். செய்துவிட்டால் முதலில் அபசகுனம் மட்டும்: விளக்கு அணைகிறது, குதிரை மிரள்கிறது. விதியில் எந்தப் பாதிப்பும் இல்லை. இரண்டாம் முறை ஒரே ஒரு சக்தி மங்கட்டும், அதிகம் பயன்படாத ஒன்றாக. மூன்றாம் முறை முக்கியமான சக்தி ஒன்று போகலாம். ஆனால் அதே செஷனில் பரிகாரம் என்ன என்பதும் தெரிந்துவிட வேண்டும். பரிகாரம் குழு ஏற்கெனவே போகும் திசையிலேயே இருக்கட்டும். மற்ற நால்வரையும் தன் பாவத்துக்காக வேறு நாட்டுக்கு இழுத்துப் போகிற பாலடினை யாருக்கும் பிடிக்காது.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்யக் கூடியது: அடுத்த செஷனில் எதிர்ச்சாமியின் ஆள் ஒருவர் வந்து, "உன் சாமி கைவிட்டது, எங்கள் சாமி கைவிடாது" என்று அதே சக்திகளைக் கொடுக்க முன்வரட்டும். ஏற்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம். எதுவானாலும் மேசையின் நடுவில் மறுபடி அவர்தான் இருப்பார்.

எங்கள் குழுவில் பூசாரியே இல்லை. அப்புறம் சாமி எதற்கு?
— வாசகர், சேலம்

சாமி கிளெரிக்கின் சொந்தச் சொத்து என்ற எண்ணம் டி அண்ட் டியால் வந்தது. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் வேறு வழியில் போனது. அங்கே போர்வீரனும் வணிகனும் திருடனும் எல்லாருமே ஏதோ ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் உறுப்பினர். சாதாரண பக்தன், தீட்சை பெற்றவன், அதற்கு மேல் பூசாரி அல்லது ரூன் லார்டு என்று ஏணி இருக்கும். தீட்சை பெற்றவன் வருமானத்திலும் நேரத்திலும் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். ரூன் லார்டாக ஐந்து திறன்களில் 90 சதவீதம் எட்ட வேண்டும். பதிலுக்குக் கோயில் பயிற்சி தரும், மந்திரம் தரும், பிடிபட்டால் மீட்க ஆள் அனுப்பும். நோய் தீர்க்கும் சாலானா அரோயின் அடியார்கள் அறிவுள்ள எந்த உயிரையும் துன்புறுத்தக் கூடாது. ஆயுதமெடுக்காத ஒருவரைச் சுற்றி மற்ற மூவர் எப்படிப் போரிடுகிறார்கள் என்பதே தனி ஆட்டம்.

இதில் உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்தில் ஒரு பங்கு. கொள்ளையடித்த புதையலில் அதைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். வைத்தவருக்கு அந்தக் கோயிலில் தங்க இடம், சாகும் தறுவாயில் ஒருமுறை மருத்துவம். வைக்காதவருக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான்.

பகடையோடு கட்ட விரும்பினால் 13-ஆம் ஏஜ் விளையாட்டின் முறையை எடுத்துக்கொள்ளலாம். அதில் சக்திவாய்ந்த 13 ஆளுமைகள். முதல் லெவலில் ஒவ்வொரு கேரக்டருக்கும் அவர்களோடு மூன்று உறவுப் பகடைகள். செஷன் தொடங்கும்போது ஆறு பக்கப் பகடைகளை உருட்டி, 6 விழுந்தால் அந்த ஆளுமையால் ஒரு நன்மை, 5 விழுந்தால் நன்மையோடு ஒரு வம்பு. ஆளுமை இருக்குமிடத்தில் சாமியை வையுங்கள். ஆனால் மூன்று பகடையை அப்படியே வைத்தால் நாலு பேர் குழுவில் 12 பகடை உருளும், சராசரியாக நான்கு நன்மையோ வம்போ வரும். ஒரே மாலையில் நான்கு சாமிகளின் வரத்தைக் கதைக்குள் நுழைக்க ஜி.எம்.முக்குக் கை போதாது. ஆளுக்கு ஒரு பகடை கொடுங்கள். செஷனுக்கு ஒன்று, சில நாள் இரண்டு விழும். விழுந்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் வையுங்கள். செஷன் முடியும்வரை பயன்படாவிட்டால் அடுத்த முறைக்குக் கொண்டுபோகலாம், ஆனால் இரண்டாக வளரக் கூடாது.

கெட்ட சாமியை மக்கள் ஏன் கும்பிட வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பெரும்பாலானோர் கும்பிடுவது வா என்று இல்லை, வராதே என்றுதான். மாலுமி கப்பலேறும் முன் புயலுக்கு ஒரு காசு போடுவான். அவன் புயலின் பக்தன் அல்ல. கெட்ட சாமிக்கும் விலக்கு வரி ஒன்று எழுதுங்கள். தன் கோயிலில் அடைக்கலம் கேட்டவனைத் தொடக் கூடாது என்று கொள்ளைநோய்ச் சாமிக்கு ஒரு விலக்கு இருந்தால், ஊர் எரியும்போது ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் ஒளியக் கூடிய ஒரே இடம் அதுவாகிவிடும்.

கேம்பெயின் பாதி தூரம் போய்விட்டது. இப்போது தெய்வங்களைக் குறைக்க முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர்

முடியும். டி அண்ட் டி இரண்டாம் பதிப்புக்கு மாறியபோது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் அதைத்தான் செய்தார்கள். அந்த உலகத்தின் கணக்கில் 1358-ஆம் ஆண்டு, காவலுக்கு நிறுத்தப்பட்ட ஹெல்ம் தவிர, தெய்வங்கள் மண்ணில் தள்ளப்பட்டு மனிதரோடு மனிதராக நடந்தன. பேன், பால், மிர்க்கூல் மூவரும் மாண்டார்கள். விதிமாற்றங்கள் அந்தக் கலவரத்தின் விளைவாகவே கதைக்குள் வந்துவிட்டன.

அவ்வளவு பெரிய அமர்க்களம் வீட்டு மேசைக்குத் தேவையில்லை. இதுவரை ஒருவர் வாயிலும் வராத தெய்வங்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள், யாரும் தேட மாட்டார்கள். பெயர் வந்துவிட்டவற்றை இரண்டிரண்டாக இணையுங்கள்: இரண்டும் ஒன்றே என்று காட்டும் பழைய கல்வெட்டு ஒன்றை அடுத்த நிலவறையில் வையுங்கள். அதைப் படித்ததும் இரு கோயில்காரர்களில் ஒருவர் மகிழ்வார், மற்றவர் கல்லை உடைக்க ஆள் அனுப்புவார். ஆட்டக்காரர் ஒருவர் தன் கேரக்டருக்காகத் தேர்ந்தெடுத்த சாமியை மட்டும் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மேசையில் அந்தப் பெயர் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தாலும் அது அவருடையது.